செர்ட்ராலின் மாத்திரை: தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருத்துவர் செர்ட்ராலின் எழுதிக் கொடுத்துவிட்டார், மாத்திரையும் வாங்கியாயிற்று, ஆனால் அட்டையைப் பிரிக்கக் கை வரவில்லை, ஏனென்றால் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்தால் தலைவலியிலிருந்து தற்கொலை எண்ணம் வரை எல்லாமே பக்கவிளைவு என்று போட்டிருக்கிறது. இப்படி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, இப்போது நன்றாகத்தானே இருக்கிறோம், நிறுத்திவிட்டால் என்ன என்று யோசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்தில் அதிகக் கவனம் தேவைப்படுவது இரண்டே சமயங்களில்: தொடங்கும் முதல் ஆறு வாரம், நிறுத்தும் கடைசிச் சில மாதம். நடுவில் உள்ள காலம் பெரும்பாலோருக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் போய்விடும். முதல் வாரமே பயந்துபோய் விட்டுவிடுவதும், நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும்தான் வீண் அவதியைக் கொண்டுவருகின்றன, இரண்டையும் தவிர்க்க முடியும்.

இது என்ன மருந்து, எதற்குக் கொடுக்கிறார்கள்

எஸ்எஸ்ஆர்ஐ என்ற மனச்சோர்வு மருந்து வகையைச் சேர்ந்தது. ஃப்ளூவாக்ஸெட்டின், எஸ்சிடாலோபிராம், பராக்ஸெட்டின் எல்லாம் இதே குடும்பம்தான். ஃபைசர் நிறுவனம் உருவாக்கியது, அமெரிக்காவில் 1991இல் அனுமதி கிடைத்தது, அங்கே ஸோலாஃப்ட் என்றும் பிரிட்டனில் லஸ்ட்ரால் என்றும் விற்றார்கள். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இன்று உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் செய்கின்றன, அதனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் செர்ட்ராலின் என்று இருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். வேறு ஊரில் வேறு பெயரில் வாங்கி, பழைய அட்டையும் இருக்க, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் குழப்பம் இதனால்தான் வருகிறது.

மூளையில் ஒரு நரம்பு செல் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டு அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்கிறது, வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் அந்தப் புரதத்தை செர்ட்ராலின் அடைக்கிறது, அதனால் செரட்டோனின் வெளியே கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குகிறது. இதெல்லாம் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். மனநிலை மாறுவதற்கோ வாரக்கணக்கில் ஆகிறது. இடையில் மூளை தன்னை மெல்ல மாற்றிக்கொள்வதுதான் காரணம் என்று நினைக்கிறார்கள், முழு விளக்கம் இன்னும் யாரிடமும் இல்லை. "உங்களுக்குச் செரட்டோனின் குறைவு, அதை மாத்திரை நிரப்பும்" என்ற கதையை யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், மனச்சோர்வுக்கு அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அதற்காக மருந்து வேலை செய்யாது என்று ஆகிவிடாது, ஏனென்றால் வேலை செய்கிறதா என்பதைத் தனியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மனச்சோர்வு, வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி, திடீரென்று பெரும் பயம் தாக்கும் பேனிக் அட்டாக், பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் பிடிஎஸ்டி, நாலு பேர் முன்னால் போக முடியாத அளவு சமூகப் பதற்றம், மாதவிலக்குக்கு முன் மனநிலையைப் புரட்டிப்போடும் பிஎம்டிடி, இவை எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் இதற்கு முறையான அனுமதி உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை. ஓசிடிக்குப் பெரும்பாலும் அதிக டோஸ் வேண்டும், பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம், அதுவும் பயந்த விஷயத்தை எதிர்கொண்டு பழகும் சிகிச்சையோடு சேரும்போதுதான் நன்றாக இருக்கும். பேனிக் உள்ளவர்களுக்கு மிகக் குறைவாகத் தொடங்க வேண்டும். பிஎம்டிடிக்கு மட்டும் வித்தியாசமான ஒரு வழி இருக்கிறது, மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தைகள் விஷயத்தில், ஆறு வயதுக்கு மேல் ஓசிடிக்கு மட்டும்தான் அனுமதி.

எவ்வளவு பலன் தரும் என்று நேராகக் கேட்டால், நடுத்தரமான பலன். 2018இல் 21 மனச்சோர்வு மருந்துகளை, 522 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், 21 மருந்துகளும், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் கூடுதலாக உதவின, ஆனால் அந்தக் கூடுதல் சராசரியில் பெரியதல்ல. சராசரி என்றால் சிலருக்கு மறுபிறவி மாதிரி இருக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. 2019இல் பிரிட்டனில் பாண்டா என்ற பெயரில் செர்ட்ராலினை மட்டும் சோதித்த ஓர் ஆய்வு வந்தது, எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது அதுதான். ஆறு வாரத்தில் மனச்சோர்வின் அறிகுறிகளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, ஆனால் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. 12 வாரத்தில்தான் மனச்சோர்விலும் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. ஆகவே மூன்றாவது வாரம் சந்தோஷம் வரவில்லையே என்று தேடுவதைவிட, நெஞ்சுப் படபடப்பு குறைந்திருக்கிறதா, சின்ன விஷயத்துக்குப் பொங்குவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் மாற்றம் அங்கேதான் தெரிய வாய்ப்பு அதிகம்.

அத்தனை மருந்து இருக்க ஏன் இதையே எழுதுகிறார்கள் என்றால், மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்துச் சோதித்ததில் இதயத்துக்குப் பாதுகாப்பாக இருந்தது, தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது, ஆளைப் பெரிதாகத் தூங்கவைப்பதில்லை, வழக்கமான டோஸில் மற்ற மருந்துகளோடு மோதலும் கொஞ்சம் குறைவு.

முதல் மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

இதில் கூச்சம் வேண்டாம். முக்கியமானது, உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய், இருந்ததா என்பது. வாழ்க்கையில் எப்போதாவது தொடர்ந்து பல நாள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், பணத்தை வாரி இறைத்து, தன்னால் எல்லாம் முடியும் என்று திரிந்த காலம் இருந்திருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக செர்ட்ராலின் கொடுத்தால் மேனியா என்ற அந்த நிலை கிளம்பிவிடலாம். மனச்சோர்வில் இருக்கும்போது அந்தக் காலம் ஒரு பிரச்சினையாகவே நினைவில் இருக்காது, அதனால் கூட இருப்பவரைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அப்புறம் வலிப்பு, கல்லீரல் கோளாறு, ரத்தப்போக்குப் பிரச்சினை, வயிற்றுப் புண், கண்ணுக்குள் அழுத்தம் கூடும் கிளாக்கோமா (குறுகிய கோண வகை), முன்பு ரத்தத்தில் சோடியம் குறைந்த அனுபவம், கர்ப்பம் அல்லது கர்ப்பத் திட்டம், இவையும். கல்லீரல் பாதிப்பு லேசாக இருந்தால் டோஸைப் பாதியாக்குவார்கள், அதற்கு மேல் என்றால் பொதுவாக இதைத் தவிர்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறுக்கு டோஸ் மாற்றத் தேவையில்லை.

சாப்பிடும் மற்ற மருந்துகளின் முழுப் பட்டியலையும் எடுத்துப் போங்கள், கடையில் நீங்களாகவே வாங்கியதும் மூலிகை மாத்திரையும் உட்பட. எம்ஏஓஐ என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்தோடு இதைச் சேர்க்கவே கூடாது, ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்க 14 நாள் இடைவெளி வேண்டும். லைனசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்கும், நரம்பில் ஏற்றும் மெத்திலீன் புளூவும் அதே மாதிரி வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது, வேறு ஒரு நோய்க்காக மருத்துவமனையில் சேரும்போது இதைச் சொல்ல மறக்காதீர்கள். பிமோசைட் என்ற மனநோய் மருந்தோடும் கூடாது. மனச்சோர்வுக்கு நல்லது என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் கூடவே கூடாது, இயற்கையானது என்ற பெயரில் அதைப் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

முதல் ஆறு வாரம்

பெரியவர்களுக்கு மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள், பேனிக், பிடிஎஸ்டி, சமூகப் பதற்றம் என்றால் 25இல் தொடங்கி ஒரு வாரம் கழித்து 50. உச்ச அளவு நாளைக்கு 200. கூட்டும்போது ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுவார்கள், காரணம் இதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையும் நேரம், சுமார் 26 மணி நேரம், ரத்தத்தில் அளவு ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. அதனால் இரண்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களாகவே ஒன்று கூடப் போட்டுக்கொள்வதில் ஒரு லாபமும் இல்லை, குமட்டல்தான் கூடும்.

நாளுக்கு ஒரு தடவை, தினமும் அதே நேரம். காலையா இரவா என்பதை உங்கள் தூக்கம் முடிவு செய்யட்டும்: தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுங்கள், தூக்கம் வழிந்தால் இரவுக்கு. சாப்பாட்டோடும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம், குமட்டுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போடுவது நல்லது. சொட்டு மருந்தாகக் கொடுத்திருந்தால் அதை நேராக வாயில் விடக் கூடாது, தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். அந்தத் திரவத்தில் ஆல்கஹால் உண்டு, குடியை நிறுத்த டைசல்ஃபிராம் சாப்பிடுபவர்களுக்கு ஆகாது.

முதல் இரண்டு வாரம் என்ன வரும்? குமட்டல், தலைவலி, வாய் உலர்தல், வியர்வை, கை லேசாக நடுங்குவது, காரணமில்லாமல் கொட்டாவி, தூக்கம் கெடுவது. வயிற்றுப்போக்கு இதன் தனி முத்திரை, அதே குடும்பத்தின் மற்ற மருந்துகளைவிட இதில் கொஞ்சம் அதிகம். உடலில் உள்ள செரட்டோனினில் பெரும்பங்கு இருப்பதே குடலில்தான், மருந்துக்கு மூளை எது குடல் எது என்று தெரியாது. பெரும்பாலோருக்கு இவை ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்குகிற விஷயத்துக்காக நல்ல மருந்தைக் கைவிடாதீர்கள், பத்து நாள் பொறுக்க முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் டோஸைக் குறைத்து மெதுவாக ஏற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பதற்றத்துக்காகச் சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் சில நாள் பதற்றம் குறைவதற்குப் பதில் கூடலாம். பேனிக் வருகிறவர்கள் இதைப் பார்த்து மாத்திரையே ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 25இல் தொடங்கச் சொல்வதே இதற்காகத்தான். சில மருத்துவர்கள் அந்த இடைவெளிக்கு மட்டும் சில நாளைக்குப் பதற்றத்தை உடனே தணிக்கும் ஒரு பென்சோடயஸிபைன் மாத்திரை கூடக் கொடுப்பார்கள், அது சில நாளைக்கு மட்டும்தான், அதைத் தொடரும் பழக்கமாக்கிக்கொண்டால் அதை விடுவது செர்ட்ராலினை விடுவதைவிடக் கஷ்டம்.

இதில் பொறுக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, உள்ளுக்குள் ஏதோ பிறாண்டுகிறது, நடந்துகொண்டே இருந்தால்தான் கொஞ்சம் பரவாயில்லை என்ற தவிப்பு. இதை அகதீசியா என்பார்கள். சாதாரணப் படபடப்பு என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள், ஏனென்றால் தற்கொலை எண்ணத்தோடு அதிகம் சேர்ந்து வரும் தவிப்பு இது.

தற்கொலை எச்சரிக்கையைப் பற்றி

தாளில் கறுப்புப் பெட்டி போட்டு எழுதியிருப்பது இதைத்தான், பயத்தைக் கிளப்புவதும் இதுதான், எனவே எண்களோடு பார்த்துவிடலாம். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2004இல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த எச்சரிக்கையைச் சேர்த்தது, 2007இல் 24 வயது வரை நீட்டியது. செர்ட்ராலினுக்கு மட்டும் என்றில்லை, எல்லா மனச்சோர்வு மருந்துக்கும். ஆய்வுகளைத் தொகுத்தபோது, மருந்து சாப்பிட்ட 1000 பேரில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 18 வயதுக்குக் கீழே 14 பேருக்குக் கூடுதலாக இருந்தது, 18 முதல் 24 வரை 5 பேருக்குக் கூடுதல். 25 முதல் 64 வரை 1 குறைவு, 65க்கு மேல் 6 குறைவு. அதாவது வயது கூடக்கூட மருந்து பாதுகாப்பின் பக்கம் சாய்கிறது. 18 வயதுக்குக் கீழானவர்களின் அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை.

இளம் வயதினருக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் சில வாரமும், டோஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் கூட யாராவது கண் வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். சிகிச்சை இல்லாத மனச்சோர்வுக்கும் அதே ஆபத்து உண்டு, அதற்குத்தான் கறுப்புப் பெட்டி யாரும் போடுவதில்லை. நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான்: வீட்டில் அல்லது நண்பர்களில் ஒருவரிடம், நான் இந்த மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன், என் நடவடிக்கை திடீரென்று மாறினால், எரிந்து விழுந்தால், தூங்காமல் திரிந்தால், சாவைப் பற்றிப் பேசினால் என்னிடம் நேராகக் கேள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எண்ணம் வந்துவிட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரையோ அவசரப் பிரிவையோ அணுகுங்கள், தனியாக இருக்காதீர்கள், மாத்திரை மொத்தத்தையும் வேறொருவர் கையில் கொடுத்து அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

ஞாபகத்தை நம்பாதீர்கள். மனச்சோர்வில் இருக்கும் மனது, இன்று மோசம் என்றால் எப்போதுமே மோசம் என்றுதான் கணக்குச் சொல்லும். பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது, மொத்தம் 27 மதிப்பெண், தொடங்கும் அன்றும் அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். ஆரம்ப மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நான்கு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் கொஞ்சம்கூட அசைவில்லை என்றால் அந்தத் தாளோடு போங்கள், டோஸைக் கூட்டுவதா மாற்றுவதா என்று அவர் முடிவு செய்ய அது உதவும். கூட இருப்பவர்கள் பல சமயம் முதலில் கவனிப்பார்கள், "இப்போதெல்லாம் நீ ஒழுங்காகக் குளிக்கிறாய்" என்று யாராவது சொன்னால் கோபப்படாமல் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரும் கேட்காத, யாரும் சொல்லாத பக்கவிளைவு

பாலுறவுப் பிரச்சினை. குமட்டல் போய்விடும், இது பலருக்கு அப்படியே தங்கிவிடும். ஆசை குறைவது, ஆண்களுக்கு விந்து வெளியேறத் தாமதமாவது, பெண்களுக்கும் ஆண்களுக்கும் உச்சம் வராமலே போவது. அபூர்வமான பக்கவிளைவு என்று நினைத்துவிடாதீர்கள், இந்த வகை மருந்துகளில் மிகச் சாதாரணம், நீங்கள் வாய் திறக்காவிட்டால் மருத்துவரும் கேட்காமல் விட்டுவிடுவார், கடைசியில் காரணம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு நோய் திரும்பி வந்து நிற்பீர்கள். மருந்து தொடங்கும் முன் இந்த விஷயத்தில் எப்படி இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், மனச்சோர்வே ஆசையைக் கொன்றுவிடும் என்பதால் எது எதனால் என்று பிரிக்க அது வேண்டும். செய்யக்கூடியது உண்டு: டோஸைக் குறைத்துப் பார்ப்பது, புப்ரோபியான் போல இந்தத் தொல்லை குறைவான மருந்துக்கு மாறுவது அல்லது அதைச் சேர்ப்பது, ஆண்களுக்கு விறைப்புக்கு உதவும் சில்டெனாஃபில். சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் இந்தப் பிரச்சினை நீடித்திருக்கிறது, 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை இதையும் எச்சரிக்கையில் சேர்க்கச் சொன்னது. எத்தனை பேருக்கு என்பதற்கு நம்பகமான எண் இல்லை. எண் இல்லை என்பதற்காக அப்படி ஒன்று கிடையாது என்று சொல்பவரோடு வாதாடாமல் வேறொருவரைப் பாருங்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, உணர்வு மழுங்குவது. அழுகை நின்றுவிட்டது, நல்லது, ஆனால் சிரிப்பும் முன்னைப் போல் வரவில்லை, பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொண்டால்கூட ஒன்றும் தோன்றவில்லை. மனச்சோர்வின் மிச்சமா மருந்தின் வேலையா என்று பார்க்க வேண்டும், டோஸ் கூட்டிய பிறகு அதிகமானது என்றால் மருந்தைச் சந்தேகிக்கலாம், பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தால் சரியாகிறது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும் வரும், காலையில் தாடை வலித்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவை

உடலில் செரட்டோனின் அளவு மீறிப் போவதால் வரும் செரட்டோனின் சிண்ட்ரோம் பெரும்பாலும் இந்த மருந்து தனியாக இருக்கும்போது வருவதில்லை, செரட்டோனினைக் கூட்டும் இன்னொன்று சேரும்போதுதான். வலிக்குக் கொடுக்கும் டிராமடால், இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், லித்தியம், ஃபென்டனில், எம்டிஎம்ஏ போன்ற போதைப்பொருள். ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டானும் பட்டியலில் உண்டு, ஆனால் அதை மருத்துவருக்குத் தெரிந்து பலர் சேர்த்தே சாப்பிடுகிறார்கள். காய்ச்சல், கொட்டும் வியர்வை, கைகால் துடிப்பது, தசை விறைப்பு, இதயம் அடித்துக்கொள்வது, குழப்பம் எல்லாம் சில மணி நேரத்தில் சேர்ந்து வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள், போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள்.

சோடியம் குறைவது வயதானவர்களின் பிரச்சினை, அதிலும் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. தலைவலி, தள்ளாட்டம், மறதி, குழப்பம் என்று வரும், வயதாகிவிட்டது அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். 65 வயதுக்கு மேல் இந்த மாத்திரை தொடங்கினால் சில வாரத்துக்குள் ஒரு சோடியம் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எளிய பரிசோதனைதான்.

ரத்தப்போக்கு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் செரட்டோனினைப் பயன்படுத்துகின்றன, மருந்து அதையும் தடுக்கிறது. தனியாகச் சாப்பிட்டால் ஆபத்து சிறியது, ஆனால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோக்ரல் சேரும்போது வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. சாதாரணக் காய்ச்சல் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை தேவைப்படுபவர் என்றால் வயிற்றைக் காக்கும் மாத்திரை சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் தாமதிக்காதீர்கள்.

கண்ணில் திடீர் வலி, விளக்கைச் சுற்றி வளையம், பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்தால் கண் மருத்துவரை அன்றே பார்க்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயந்துபோய் நிறுத்துவதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு. இந்த வகை மருந்துகளில் கர்ப்பகாலத்துக்கும் தாய்ப்பால் காலத்துக்கும் அடிக்கடித் தேர்ந்தெடுக்கப்படுவது செர்ட்ராலின்தான். ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. கடைசி மூன்று மாதத்தில் சாப்பிட்டிருந்தால் பிறந்த குழந்தை சில நாள் நடுக்கமாக, பால் குடிக்கச் சிரமப்பட்டு, சிணுங்கியபடி இருக்கலாம், நுரையீரல் ரத்த அழுத்தம் கூடும் ஓர் அரிய பிரச்சினைக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. சிகிச்சை இல்லாத கடும் மனச்சோர்வும் தாயையும் குழந்தையையும் பாதிக்கும், இரண்டையும் வைத்துப் பார்த்து மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுங்கள். நல்லது, கர்ப்பத்துக்கு முன்பே பேசி வைப்பது.

அன்றாடச் சந்தேகங்கள்

ஒரு வேளை மறந்துவிட்டால்? அன்றே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். குடிக்கலாமா? குடிக்காமல் இருப்பது நல்லது, மயக்கத்தைக் கூட்டுவது ஒருபுறம், மதுவே மனச்சோர்வை வளர்க்கும் என்பது மறுபுறம். வண்டி ஓட்டுவதை முதல் சில நாள் தள்ளிப்போட்டு, தூக்கமோ கிறுகிறுப்போ இல்லை என்று தெரிந்த பிறகு ஓட்டுங்கள். கிரேப்ஃப்ரூட் சாறு மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டக்கூடும், தவிர்த்துவிடுங்கள். வேலைக்கு எடுக்கும் போதைப்பொருள் சிறுநீர்ப் பரிசோதனையில் பென்சோடயஸிபைன் இருப்பதாகத் தவறாகக் காட்டலாம், முன்கூட்டியே மருந்துச்சீட்டைக் காட்டுங்கள், துல்லியமான இரண்டாம் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும். அடிமையாகிவிடுவேனா என்றால், இன்னும் வேண்டும் என்ற வெறியோ, அதே பலனுக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போவதோ இதில் இல்லை. ஆனால் உடல் பழகிக்கொள்ளும், திடீரென்று நிறுத்தினால் எதிர்ப்புக் காட்டும். அடிமை ஆகாது என்று சொல்லி அந்த இரண்டாம் பாதியை மறைப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

நிறுத்துவது எப்படி

எப்போது என்பது முதல் கேள்வி. மனச்சோர்வுக்கு என்றால், நன்றாகிவிட்டது என்று உணர்ந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே டோஸில் தொடரச் சொல்கிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. 2021இல் ஆன்ட்லர் என்ற பிரிட்டன் ஆய்வு, நீண்ட நாளாக மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்த 478 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மெல்லக் குறைத்து நிறுத்தியது. ஒரு வருடத்துக்குள் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம். இந்த எண்ணை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம், தொடர்ந்தால் பாதுகாப்பு கூடுகிறது என்றும், நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் நன்றாகவே இருந்தார்கள் என்றும். வேலை மாற்றம், வீடு மாற்றம், துக்கம் நடுவில் இதைத் தொடங்காதீர்கள், கொஞ்சம் அமைதியான காலமாகப் பாருங்கள்.

திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், காரணமில்லாத அழுகை, விசித்திரக் கனவு, அப்புறம் தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போது அந்த வெட்டு வரும் என்று பலர் சொல்கிறார்கள். ஆபத்தில்லை, ஆனால் தெரியாதவரை நன்றாகவே பயமுறுத்தும். சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

குறைக்கும் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வகை மருந்துகளின் வழக்கமான குறைந்த டோஸே, செர்ட்ராலினில் 50 மில்லிகிராம், செரட்டோனினை இழுக்கும் புரதங்களில் சுமார் 80 சதவீதத்தை அடைத்துவிடுகிறது. 100க்கு ஏற்றினால் அடைப்பு கொஞ்சம்தான் கூடுகிறது. அதாவது 100இலிருந்து 50க்கு இறங்குவது மூளைக்குச் சின்னப் படி, 25இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது மாடியிலிருந்து குதிப்பது. பலர் பாதிப் பாதியாகக் குறைத்து வந்து, சுலபமாகத்தானே இருந்தது என்று கடைசி 25ஐ ஒரே நாளில் விட்டுவிட்டு மாட்டிக்கொள்வது இதனால்தான். 2019இல் ஹொரோவிட்ஸ், டெய்லர் என்ற இருவர் இதை விளக்கி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கீழே வர வர படியைச் சிறிதாக்குவது என்ற முறை பரவலானது, பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸும் அதைத்தான் சொல்கிறது.

நடைமுறையில், சில மாதம் மட்டும் சாப்பிட்டவர் சில வாரத்தில் குறைத்துவிடலாம், வருடக்கணக்கில் சாப்பிட்டவர் மாதக்கணக்கில் திட்டம் போடட்டும். ஒரு படி இறங்கினால் இரண்டு முதல் நான்கு வாரம் அங்கேயே நின்று, உடல் அமைதியான பிறகு அடுத்த படி. 25க்குக் கீழே மாத்திரையை உடைத்து அளப்பது துல்லியமாக வராது, திரவ வடிவம் கிடைத்தால் அதைக் கேளுங்கள். நாள் விட்டு நாள் சாப்பிட்டுக் குறைக்கும் பழைய வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி, திரும்பத் திரும்ப ஒரு குட்டி வித்டிராயலை, அதாவது மருந்து குறைவதால் வரும் மேலே சொன்ன தொல்லைகளை, கொடுக்கும்.

குறைக்கும்போது மனது சரியில்லை என்றால் வித்டிராயலா, நோய் திரும்புகிறதா? குறைத்த சில நாளிலேயே வந்து, முன்பு உங்களுக்கு இல்லாத தலைசுற்றலும் மின்வெட்டும் சேர்ந்திருந்து, பழைய டோஸைப் போட்டதும் ஓரிரு நாளில் மறைந்தால் பெரும்பாலும் வித்டிராயல். வாரங்கள் கழித்து மெல்ல மெல்லப் பழைய அறிகுறிகளே, விடியலில் விழிப்பு, எதிலும் ஈடுபாடின்மை, குற்ற உணர்வு என்று கூடிக்கொண்டே வந்தால் நோய். வித்டிராயல் என்றால் முந்தைய படிக்கு ஏறி நின்று, அடுத்த முறை இன்னும் சின்னப் படியாக இறங்குங்கள். நோய் என்றால் மருத்துவரோடு பேசி முழு டோஸுக்குத் திரும்புங்கள், அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுத்தி முடித்த பிறகும் சில மாதம் அந்த ஒன்பது கேள்விப் படிவத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பிக்கொண்டே இருங்கள், மதிப்பெண் இரண்டு முறை தொடர்ந்து ஏறினால் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.

மிச்சமான மாத்திரைகளை, பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று அலமாரியில் வைக்காமல் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அதே மாதிரி சோர்ந்திருக்கும் நண்பருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அவர் வேறு என்ன சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது.